ஓரத்துப் பென்சில்

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைப் புரட்டினால், பல பக்கங்களில் சொல்லுக்குச் சொல் தலைமேல் பென்சிலில் தமிழ் அர்த்தம். உழைப்பில் குறைவில்லை. ஆனால் படிக்கும்போது கண் அந்தத் தமிழ் வரியிலேயே நடந்து பக்கத்தைக் கடந்துவிடுகிறது. அடியில் இருக்கும் ஆங்கிலம் யாரும் தொடாமல் கிடக்கிறது.

*

வேற்று மொழி கற்கிறவர்கள் புத்தகத்தில் எழுதுவது பழைய வழக்கம். சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் 9ஆம் நூற்றாண்டு லத்தீன் இலக்கணப் பிரதி ஒன்று உண்டு. பிரிஸ்கியன் எழுதிய நூல். ஐரிஷ் துறவிகள் படியெடுத்தது. வரியிடுக்கிலும் ஓரத்திலும் 9,000க்கு மேல் குறிப்புகள்; அவற்றில் 3,000க்கு மேற்பட்டவை அவர்களுடைய தாய்மொழியில். வாக்கியத்தில் தள்ளித் தள்ளி நிற்கும் சொற்களில் எது எதோடு சேரும் என்பதற்கும் சிறு சிறு குறிகள் இட்டிருக்கிறார்கள். அர்த்தம் எழுதியது பாதி வேலை. உறவைக் காட்டியது மீதி.

*

நம் பிள்ளைகள் தடுமாறுவதும் உறவில்தான். 'நேற்று வந்த பையன்' என்று தமிழ் முன்னால் சொல்லிவிடுவதை ஆங்கிலம் பையனுக்குப் பின்னால் வைக்கிறது. நாம் கடைசியில் எதிர்பார்க்கும் வினை அங்கே எழுவாயை அடுத்தே வந்துவிடுகிறது. 'கிவ்' தலையில் 'கொடு', 'அப்' தலையில் 'மேலே' என்று எழுதிய பிள்ளைக்கு, இரண்டும் சேர்ந்தால் கைவிடுதல் என்பது கடைசிவரை தெரிவதில்லை.

*

இதற்கான கருவி தமிழ் வகுப்பிலேயே இருக்கிறது. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று கொண்டுகூட்டு. செய்யுளில் சிதறி நிற்கும் சொற்களைச் சேர்த்துப் பொருள் காணப் பழகிய பிள்ளையிடம், அடுத்த பாடவேளையில் அதையே ஆங்கிலத்துக்கும் செய்யச் சொல்லலாம். எழுவாய்க்கும் வினைக்கும் அடிக்கோடு. நடுவே நுழைந்த 'ஹூ', 'விச்' பகுதிக்கு அடைப்புக்குறி. 'இட்', 'தே' எதைச் சுட்டுகிறதோ அதை நோக்கி ஓர் அம்பு. 'பட்', 'ஆல்தோ' வந்தால் ஒரு வட்டம். பேச்சு திரும்பும் இடம் அது.

*

முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம். எங்கே தடுக்குகிறது என்று தெரிந்த பிறகு எடுத்தால் போதும்.

*

வெறும் அடிக்கோடு அதிகம் உதவாது. கற்கும் முறைகளை அலசி 2013இல் வெளியான கட்டுரையில் ஜான் டன்லோஸ்கி குழுவினர் அதைக் குறைந்த பயனுள்ள முறை என்றே மதிப்பிட்டார்கள். தன்னைத் தானே சோதித்து நினைவுகூர்வதற்கு உயர்ந்த இடம் கொடுத்தார்கள். அதனால் பத்தி முடிந்ததும் பாடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, அது என்ன சொன்னது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். அந்த வரி தமிழில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் என்றால் பாடத்து வரியையே நினைவிலிருந்து இறக்கிவிடலாம். தமிழில் எழுதப் புரிந்திருக்க வேண்டும்.

*

ஆசிரியர்களே, புத்தகத்தைப் பார்க்கும்போது எழுதிய அர்த்தங்களை எண்ணாதீர்கள். அம்பு சரியான சொல்லில் போய் நிற்கிறதா, ஓரத்தில் பிள்ளையின் சொந்த வரி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.