அடைக்கோழியும் அணுவிரதமும்

பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி என்றதும் கணிப்பொறி நிறுவனங்களின் தொழிற்பூங்காவே இன்று நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் அக்கட்டடங்களுக்கு அப்பால் பழைய ஊரும் இருக்கிறது. அங்கே அடைக்கோழியும் உண்டு. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வேலையின் பொருட்டு வந்து அவ்வூரில் குடியிருக்கும் நம்மவர் இல்லமொன்றில் எழுந்த ஐயத்தை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

அண்டை வீட்டு அம்மையார் மகளின் பேறுகாலத்துக்காக வெளியூர் புறப்பட்டார். அவருடைய கோழி பன்னிரண்டு முட்டைகளின்மேல் அடையில் இருந்தது. "இருபத்தொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா, பொரிக்கும் குஞ்சுகளில் பாதி உங்களுக்கு. வளர்க்காவிட்டால் விற்றுக்கொள்ளுங்கள்" என்றார். மறுத்தால் கோழி பசித்திருக்கும். காகமும் பூனையும் கூட்டைக் கலைக்கும். ஏற்றாலோ, நாளை கறிக்குப் போகும் உயிர்களை வளர்த்த பழி வருமோ?

முட்டையிற் பிறக்கும் அண்டசத்தைத் தத்துவார்த்த சூத்திரம் கருப்பப் பிறப்பின் மூவகையுள் ஒன்றாகவே கூறுகிறது. ஆதலின் அடையில் உள்ளவை ஐம்பொறி உயிர்களே. ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளிக்கு நேரே முட்டையைப் பிடித்தால், சிலந்திக்கால் போலச் செந்நரம்புகள் படர்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். தெளிவாகத் தோன்றும் முட்டை பொரியாது. அதைக் கண்ட அவ்வீட்டுச் சிறுவன், "இதில்தான் உயிரில்லையே, இதை உண்டால் என்ன பாவம்?" என்று கேட்டானாம்.

நல்ல வினா. இதற்கு விடை நம் யசோதர காவியத்திலேயே இருக்கிறது. யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் பலியிட்டது உயிர்க்கோழியை அன்று. மாவினாற் செய்த கோழியை. அதில் உயிரில்லை, ஆயினும் கொல்லும் எண்ணம் இருந்தது. அதனால் விலங்குப் பிறவிகள் பல எய்தி, இறுதியில் தாமே கோழிகளாய்ப் பிறந்து அம்பினால் மாண்டனர்.

அன்றியும், கடையில் விற்கும் கருவற்ற முட்டைக்குப் பின்னே ஓர் உயிர் நிற்கிறது. அதை இட்ட கோழி பெரும்பாலும் சிறகு விரிக்க இடமில்லாத கம்பிக்கூண்டில் வாழ்கிறது. முட்டையினக் கோழிகளைப் பொரிக்கும் நிலையங்களில், பயனில்லை என்று சேவற்குஞ்சுகளைப் பிறந்த அன்றே அழிக்கின்றனர். ஜெர்மனி நாடு 2022 முதல் இதைத் தடை செய்திருக்கிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்கள். இவற்றுள் முதலாவதே கூண்டில் நிகழ்கிறது. அடையைத் தெளிவிக்கவென்று கோழியை நீரில் அமிழ்த்துவதும் மூக்கில் இறகு செருகுவதும் இவ்வகைத் துன்பங்களே.

இனி அக்குடும்பத்தார் செய்தது யாது? கோழிக்கு நாள்தோறும் தானியமும் நீரும் வைத்தனர். கூட்டுக்குக் காவல் இருந்தனர். பங்கை மட்டும் மறுத்தனர். இது சரியென்றே நாம் கருதுகின்றோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியாலும் வினை வந்து சேரும் என்பது நம் ஆசாரியர்கள் உபதேசம். அடைகாக்கும் தாய்க்கு உணவளித்தது தயை. குஞ்சை விற்றுப் பெறும் காசோ அதன் ஊனுக்குரிய விலை. அதை ஏற்பது உடன்படுதலாகும்.

"பங்கைப் பெற்று, இறுதிவரை காத்து வளர்க்கலாமே?" என்று சிலர் வினவலாம். அது இதனினும் உயர்ந்த அறமே. ஆனால் பல ஆண்டுகள் வாழக்கூடிய அவ்வுயிர்களை வாடகை வீட்டில் வளர்க்க இயலுமா என்று முதலில் எண்ணவேண்டும். காக்கும் ஆற்றலின்றி ஏற்றுக்கொள்வது கருணையாகாது. அதே வேளையில், பங்கை மறுத்துவிட்டோம் என்று மனநிறைவு கொள்வதும் தகாது. நம் கை தூய்மையானது. குஞ்சுகளின் கதி மாறிவிடவில்லை.

ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. திரும்பி வந்த அம்மையாரிடம், இவற்றைக் கறிக்கு விற்கவேண்டாம் என அவர்கள் வேண்டிக்கொண்டனர். அவர் வாக்கு ஏதும் தரவில்லை. பெட்டைகளை மட்டும் நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். கேட்பது நம் கடமை. அதற்குமேல் அவர் உள்ளம். முட்டையில் உயிருண்டா என்று கேட்ட சிறுவன், இப்போது சேவல்கள் என்னவாகும் என்று கேட்கிறானாம். இவ்வினா நம் இல்லந்தோறும் எழுமாக!