மூவறிவுயிரின் கடி

மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டாரத்தில் மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர் எனச் சமணர் படுக்கைகள் அமைந்த குன்றுகள் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில்லாமல் நிற்கின்றன. அவற்றுள் மாங்குளத்துக் குகைத்தளத்தில், நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் காலத்தில் கணி நந்தன் என்னும் துறவிக்குப் பாறையில் படுக்கைகள் வெட்டிக் கொடுக்கப்பட்ட செய்தியைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கொடுத்தவர்களில் அரசனின் பணியாளரும் இருந்தனர், வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் இருந்தனர். கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்ட அந்தச் சமயம், கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் தீங்கு நேராமல் நடக்கவும் உட்காரவும் விதிகளை வகுத்தது. அச்சமயத்துக்கு இடம் கொடுத்த இதே சமவெளியிலும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரின் கடியால் வரும் காய்ச்சல் அண்மை ஆண்டுகளில் மருத்துவ ஆய்வின் நடுப்பொருளாகியிருக்கிறது. நோயைச் சுமந்து வரும் உயிரைக் கொல்வது கொலையாகுமா, ஆகுமெனில் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போது எழுகிறது. பழைய விடைகளில் சில புதிய ஆய்வுகளின் முன்னே வலுப்பெறுவதும் சில தளர்வதும் கவனிக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் எழுதும் ஸ்க்ரப் டைபஸ் நோயைப் பரப்புவது, மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் காணப்படும் பெரிய உண்ணி அன்று. அதற்குத் தூரத்து உறவான பூச்சி ஒன்றின், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே இருக்கும் செம்மஞ்சள் நிற இளம்பருவம், அதாவது சிக்கர் எனப்படுவது. முதல் மழைக்குப் பின் செம்மண் நிலத்தில் ஊர்ந்துவர, பிள்ளைகள் தீப்பெட்டியில் பிடித்து வைக்கும் செந்நிறத் தம்பலப்பூச்சி இதன் பெரிய உருவ உறவினன் எனலாம். சிக்கர் தன் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் விலங்கின் உடலில் உணவு கொள்கிறது. தோலில் வாயைப் பதித்து, உமிழ்நீரால் திசுவைக் கரைத்து, அந்த உமிழ்நீரே இறுகி அமையும் நுண்குழாய் வழியே கரைந்த நீர்மத்தை உறிஞ்சி, சில நாள்களில் தானாக உதிர்ந்து மண்ணுக்குள் போய்விடுகிறது. அதன் பிறகு அது யாரையும் கடிப்பதில்லை. மண்ணில் கிடக்கும் பூச்சி முட்டைகளைத் தின்று வளர்கிறது. கடித்த இடத்தில், பெரும்பாலும் அக்குளிலோ இடுப்பிலோ தொடையிடுக்கிலோ, சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும். வலியோ அரிப்போ பெரிதாக இராததால் நோயாளி அதைக் கவனிப்பதில்லை, ஆடையை விலக்கித் தேடும் மருத்துவருக்கே அது அகப்படுகிறது.

நோயை உண்டாக்கும் ஓரியன்சியா சுட்சுகமுஷி என்னும் பாக்டீரியா, தாய்ப்பூச்சியிலிருந்து முட்டைக்கும் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது. ஆகவே அதன் உண்மையான இருப்பிடம் பூச்சியே. எலியும் மூஞ்சூறும் பூச்சிக்கு உணவளித்துச் சுமந்து திரிபவை. மனிதனோ இச்சங்கிலியில் இடம்பெறாதவன். அவன் உடலில் புகுந்த பாக்டீரியா பொதுவாக அங்கிருந்து வேறு எவ்வுயிருக்கும் செல்ல வழியில்லாமல் முடிந்துவிடுகிறது. விநாயகரின் ஊர்தி என்று மூஞ்சூற்றை அடிக்கத் தயங்கும் வீடுகள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தத் தயக்கம் மூடத்தனம் என்று இகழப்படுவதும் உண்டு. ஆனால் மண்ணில் நிலைத்திருக்கும் பூச்சிக்கூட்டத்தை விட்டுவிட்டு மூஞ்சூற்றின் மேல் மட்டும் வஞ்சம் தீர்ப்பவர், நோயின் வேரைத் தொடாமலேயே ஓர் உயிரைக் கொன்றவராவார்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 2020 முதல் 2022 வரை 32,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு 2025இல் வெளியானது. அவ்வூர்களில் ஆண்டுதோறும் பத்தில் ஒருவர் வரை இத்தொற்றுக்கு ஆளாகின்றனர் என்றும், அவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை என்றும், வருவோரில் சிலருக்கு உயிர் ஆபத்து நேர்கிறது என்றும் அது காட்டியது. வினைக்கும் நோய்க்கும் நேரான கணக்குப் போட விரும்பும் சமய மனத்துக்கு இந்த முடிவு இடைஞ்சலானது. ஒரே வரப்பில் உட்கார்ந்து களையெடுத்த இருவரில் ஒருவர் எதுவும் அறியாமல் வீடு திரும்ப, மற்றவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வதை, அவரவர் வினை என்று கூறி முடிப்பவர்கள் அவ்விருவருக்கும் எவ்வித உதவியும் செய்தவர்களாகார்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுப்பது தமிழ் அறிந்தோர் அனைவருக்கும் தெரியும். சமண நூல்களும் இவ்வாறே புலன்களின் எண்ணிக்கையால் உயிர்களை வகுத்து, பேன், எறும்பு போன்றவற்றை உற்றறிதல், சுவைத்தறிதல், முகர்ந்தறிதல் என்னும் மூன்று புலன்கள் மட்டும் உடையவையாகச் சேர்க்கின்றன. இந்த வகையோடு உண்ணியை ஒப்பிட்டுப் பார்க்கலாம்: கர்நாடகத்தின் குரங்குக் காய்ச்சல் என்னும் நோயைப் பரப்பும் ஹீமாபிசாலிஸ் இன உண்ணிகளுக்குக் கண்களே இல்லை. முன்னங்கால்களில் அமைந்த நுண்ணுறுப்பால், நெருங்கி வரும் விலங்கின் வாடையையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்து, இலை நுனியில் கால்களை விரித்தபடி காத்திருக்கின்றன. அதே உறுப்பு உடற்சூட்டையும் உணர்வதால் மூன்று என்ற கணக்கு முழுமையாகப் பொருந்தாது என்றாலும், நுண்நோக்கி இல்லாத காலத்தில் வகுக்கப்பட்ட பகுப்பு இத்தனை அருகே வந்திருப்பது வியப்புக்குரியதே. அந்தப் பகுப்பின் நோக்கம் விலங்கியல் அன்று. எவ்வுயிருக்கு எவ்வளவு துன்பம் நேரும், அதைக் கொல்வோனுக்கு எவ்வளவு வினை சேரும் என்று அளப்பதே.

அந்த அளவைக்கு அடிப்படையான விதியை உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் தருகிறது: கவனமின்மையும் வேட்கையும் கலந்த செயலால் உயிரைப் பிரிப்பதே அதன்படி கொலை. பிற்காலச் சமண அறநூலார் இல்லறத்தாருக்கு நேரக்கூடிய கொலையை நான்காக வகுத்தனர். வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை இல்லறத்தார் முற்றாக விலக்க வேண்டும், ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். துறவியோ நான்கையும் விலக்க வேண்டும்.

இந்தப் பகுப்பைக் குரங்குக் காய்ச்சலின் வரலாற்றோடு ஒட்டிப் பார்க்கலாம். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது முதலில் அறியப்பட்ட இவ்வைரஸ் நோய், 2012ஆம் ஆண்டின் இறுதியில் பந்திப்பூரிலும், அதையடுத்து நீலகிரியின் முதுமலைப் பகுதியிலும் தென்பட்டது. குரங்கு நோய்க்குப் பலியாகிறது. அது இறந்ததும் அதன் உடலிலிருந்த உண்ணிகள் அங்கேயே உதிர, அந்த இடம் அவ்வழியே நடப்போருக்கு ஆபத்தான இடமாகிறது. இதனால்தான் இறந்த குரங்கைச் சுற்றி 50 அடி வட்டத்துக்கு மாலத்தியான் பூச்சிக்கொல்லி தூவும் வழக்கம் ஏற்பட்டது. குரங்கைக் குற்றவாளியாகக் கருதி அடிப்பது வேண்டுமென்றே செய்யும் கொலை, பயனும் அற்றது. வட்டம் போட்டு மருந்து தூவுவது தற்காப்புக் கொலை. ஆனால் அந்த மருந்து உண்ணியோடு எறும்பையும் வண்டையும் சேர்த்தே கொல்லும். காட்டை வெட்டி, மாடுகளை உள்ளே மேய விட்டு, மாட்டின் குருதியால் உண்ணிக் கூட்டம் பெருக இடம் கொடுத்ததோ தொழிலில் நேர்ந்தது. நோய்ப் பரவலுக்கு ஆய்வாளர்கள் கூறும் காரணங்களில் அதுவே முன்னிற்கிறது. நான்கினுள் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இம்மூன்றாவதுதான்.

துறவியின் விதிகள் நோய்த்தடுப்பு விதிகளை ஒத்திருப்பது சிலருக்கு மகிழ்ச்சி அளிக்கலாம். உட்காரும் இடத்தை மயிற்பீலியால் மெல்லத் துடைத்து, பசும்புல்லை மிதியாமல், தாவரம் இல்லாத வெறும் பாறையில் படுப்பவரைச் சிக்கர் எட்டுவது அரிது. ஏனெனில் அப்பூச்சிக்கு ஈரமண்ணும் புதரும் வேண்டும். இன்றைய மருத்துவர்களும் புல்தரையில் உட்காராதீர், துணியைப் புதர்மேல் உலர்த்தாதீர், வயலிலிருந்து வந்ததும் குளித்து உடை மாற்றுங்கள் என்றே கூறுகின்றனர். ஆயினும் இந்த ஒற்றுமையில் மயங்கிவிடலாகாது. கணி நந்தன் பாறைமேல் இருக்க முடிந்ததற்குக் காரணம், கீழே வேறு பலர் மண்ணில் இறங்கி உழுது விளைவித்ததே. பெரியாற்றுக் கால்வாய் பாயும் இன்றைய மேலூர் வயல்களில் குந்தியிருந்து களை பறிக்கும் பெண்ணும், நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையின் புதரை வெட்டும் முதியவரும் மருத்துவரின் அறிவுரையைக் கேட்டுப் புல்லை விட்டு விலகினால் அன்றைய கூலி கிடைக்காது. ஒருவருடைய கொல்லா நோன்பின் செலவை மற்றொருவரின் உடல் ஏற்கிறது என்பதைச் சமணம் அறியாமல் இல்லை. இல்லறத்தாருக்குச் சிறுநோன்பு, துறவிக்குப் பெருநோன்பு என்று பிரித்தது அதை ஒப்புக்கொண்டதன் அடையாளமே. ஆனால் அந்த ஏற்பாட்டில் பெருமை துறவிக்கும் ஆபத்து உழவருக்கும் சென்றது நீதியா என்று இன்றைய வாசகர் கேட்பது பொருத்தமே.

மருந்தின் நிலை இன்னும் கடினமானது. கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்னும் இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிறந்தது என்று, ஏறத்தாழ 800 நோயாளிகளைக் கொண்டு இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. மரணம், நீங்காத சிக்கல், நீங்காத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தோர் கூட்டு மருந்தில் 33 விழுக்காடு, தனி மருந்துகளில் 47, 48 விழுக்காடு. நீரிலும் காற்றிலும் எங்கும் நுண்ணுயிர் நிறைந்திருப்பதாகக் கூறும் சமணக் கொள்கையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், மூச்சுத் திணறும் ஒரு நோயாளியைக் காப்பது கோடிக்கணக்கான உயிர்களை அழிப்பதாகும். இங்கே புலன்களின் படிநிலை உதவுகிறது. ஐம்புலன் உயிரைக் காக்க ஒருபுலன் உயிரை இழப்பதைப் பெரும்பாலான இல்லறத்தார் ஏற்பர். ஆனால் அந்தப் படிநிலையை வகுத்தவன் அதன் உச்சியில் தன்னையே வைத்துக்கொண்டான் என்ற ஐயம் இதனால் நீங்கிவிடாது.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத்தலமாக அறிவித்தது. அங்கு டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் திட்டம் மக்கள் எதிர்ப்பால் 2025 சனவரியில் கைவிடப்பட்டது. அங்கே காக்கப்படும் விலங்குகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது எறும்புத்தின்னி. ஆசியாவின் எறும்புத்தின்னிகளின் செதில்களுக்கிடையே பெரும்பாலும் அவற்றையே நம்பி வாழும் உண்ணி இனம் ஒன்று உண்டு. விலங்கு அழிந்தால் அதுவும் அழியும். 1980களில் அமெரிக்காவில் எஞ்சியிருந்த கலிபோர்னியக் கழுகுகளைப் பிடித்துக் கூண்டில் வளர்த்தபோது, நலம் கருதி அவற்றின் பேன்களை மருந்திட்டு நீக்கினர். அந்தப் பேன் இனம் உலகில் வேறெங்கும் இல்லாததால் அத்துடன் மறைந்துபோனது. ஒட்டுண்ணிகளையும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று இன்று உயிரியலாளர் சிலர் வாதிடுவதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம். எறும்புத்தின்னிக்கு இரக்கம் காட்டும் மரபுத்தலம் அதன் உண்ணிக்கும் காட்டுமா என்று கேட்டால், சட்டத்தில் விடை இல்லை. சமண நூல்களில் உண்டு. உடலில் ஏறிய உண்ணியைப் பிடுங்கி எறிவதற்கு இல்லறத்தாரின் சிறுநோன்பு வழிவிடுகிறது, காட்டில் இருக்கும் உண்ணியைத் தேடிச் சென்று ஒழிப்பதற்கு வழிவிடுவதில்லை. மாலத்தியான் வட்டத்தை 50 அடியோடு நிறுத்த வேண்டுமா, காடு முழுதும் விரிக்கலாமா என்ற கேள்வி நீலகிரியில் எழுந்தாலும் அரிட்டாபட்டியில் எழுந்தாலும், அந்த வேறுபாட்டை வைத்தே வாதிட வேண்டியிருக்கும்.