பெயரைத் தாண்டிச் செல்லாதீர்கள்

தமிழக எல்லையை ஒட்டி, தமிழ் பேசும் மக்கள் மிகுந்து வாழும் ஊர் மார்டள்ளி. அதற்கு அருகில் உள்ள சுள்வாடி மாரம்மா கோயிலில் 2018 டிசம்பர் 14 அன்று கோபுரப் பணிக்குப் பூஜை நடந்தது. பிரசாதமாக அளித்த தக்காளி சாதத்தில் பூச்சிமருந்து கலக்கப்பட்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பலர் மைசூரு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 17 பேர் மாண்டனர். பள்ளி செல்லும் வயதுச் சிறுமியும் அவர்களுள் ஒருத்தி.

இத்தகைய மரணத்திற்குப் பின் வருகைப்பதிவேட்டைத் திறக்கும் ஆசிரியர் ஒரு பெயரருகே தயங்குகிறார். பிள்ளைகள் கேட்கின்றனர்: “அம்மன் ஏன் காப்பாற்றவில்லை?” ‘அவரவர் வினை’ என்று சொல்லிவிடுவது எளிது, அதைவிடக் கொடுமை வேறில்லை. நஞ்சைக் கலந்தது மனிதக் கை. கோயில் நிர்வாகப் பூசலே காரணம் என்றது காவல்துறை. இவ்வுண்மையைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

அண்ணன் மகன் அட்சயனின் உயிர் பிரிந்ததை, உறையிலிருந்து வாளை உருவுவது போலக் கண்டு கலங்காது நின்றார் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர். மறுநாளோ, ஈரத்துண்டைப் பிழிவதுபோல் தம் நெஞ்சு பிழியப்பட்டது என்று அவரே பின்னாளில் கூறினார். அவருக்கே அப்படியென்றால், பத்து வயதுப் பிள்ளையிடம் ‘அழாதே’ என நாம் எங்ஙனம் சொல்வது?

ஆசிரியப் பெருமக்களே, அந்தப் பெயரைத் தாண்டிச் செல்லாதீர்கள். ஒருமுறை உரக்க வாசியுங்கள். அருகில் அமர்ந்திருந்த தோழியைப் பேசவிடுங்கள். அவள் பிரசாதம் உண்ண அஞ்சினால் வற்புறுத்த வேண்டாம். முதற்கவளத்தை நீங்கள் உண்ணுங்கள். அவள் கை நீட்டும்வரை அருகிலேயே இருங்கள்.