குளம்பொலி கேட்டபோது

1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘விடாது கருப்பு’ தொடரை நம்மவர் பலரும் கண்டிருப்பர். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய அக்கதையில், தவறிழைத்தோரைக் கருப்பு குதிரையேறி வந்து தண்டிக்கும். குளம்பொலி கேட்கும், வருபவர் யாரென்று புலப்படாது. காட்டாத கொடுமையை நம் மனமே வரைந்துகொண்டதால் அது இன்றும் அழியவில்லை.

மேலநீலிதநல்லூரில் எங்கள் வீட்டில் அவ்வொலி கேட்டதும், “அவனுக்கு வேண்டும்” என்று என் உள்ளம் மகிழ்ந்தது. பிரம்பெடுக்காத ஆசிரியை எனப் பெயர் பெற்றவள் நான்! கை செய்யாததை எண்ணம் செய்தாலும் ஹிம்சையே அன்றோ?

குதிரையில் வந்தது தெய்வமன்று, உள்ளம் இரண்டாய்ப் பிளவுண்ட ஒரு மனிதனே என்று கதை முடிந்தது. அன்பர்களே, அவ்வாறு பிளவுண்டவன் அவன் ஒருவன்தானா?