மூன்று தலைமுறைக் கடன்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கலியாணப் பேச்சு எழுந்தால், படிப்பையும் உத்தியோகத்தையும் விசாரித்த கையோடு "எந்தப் பகுதி?" என்று சாதியை அறியும் கேள்வியும் வந்துவிடும். அந்தப் பழைய கேள்விக்கு இப்போது ஆய்வுகூடத்திலிருந்து விடை தேடுகிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர் குழாயில் உமிழ்நீரை எடுத்து அனுப்புகிறார்கள்; சில வாரங்களில் நூற்றுவீதக் கணக்கோடு ஒரு வரைபடம் திரும்பி வருகிறது. அதைப் பார்த்து, நாங்கள் யாழ்ப்பாணத்தை ஆண்ட நல்லூர் ஆரியச்சக்கரவர்த்திகளின் வழித்தோன்றல்கள் என்று சொல்லும் ஆசையும் பிறக்கிறது. இதை விஞ்ஞானத்தால் நிறுவ முடியுமா? நிறுவினாலும், சமயநெறியில் நிற்பவர் அதைத் தம் பெருமையாகக் கொள்ளலாமா? முதற் கேள்விக்கு மரபணுவியலும் இரண்டாவதற்கு நம் சமயங்களும் ஒரே விடையைத்தான் தருகின்றன: முடியாது, கூடாது.

பரிசோதனை உண்மையில் செய்வது ஒப்பீடு மட்டுமே. இன்று உயிரோடிருந்து உமிழ்நீர் கொடுத்தவர்களோடு நம்மை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஓர் அரசனோடு ஒப்பிட அவனுடைய எலும்பு வேண்டும், அல்லது ஐயமற்ற வாரிசு ஒருவர் வேண்டும். நல்லூரின் கடைசி அரசன் சங்கிலி குமாரன் 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1623இல் கொல்லப்பட்டான். அரச குடும்பத்தில் பலர் ஞானஸ்நானம் பெற்றுப் பிரான்சிஸ்கன் சபையில் துறவிகளானார்கள். துறவிகளுக்கு வாரிசு இல்லை. ஒப்பிடுவதற்கு எலும்பும் நம்மிடம் இல்லை. நானூறு ஆண்டு என்பது ஏறக்குறைய 14 தலைமுறை. அந்தப் படியில் ஒருவருக்கு 16,384 மூதாதையர் இடங்கள் உண்டு. தலைமுறைதோறும் பாதி கழிந்துபோவதால், அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நம் உடலில் ஒரு துணுக்கையும் விட்டுச் செல்வதில்லை. ஆண்வழியில் மட்டும் செல்லும் வை குரோமோசோம் சிதையாமல் வருகிறதே என்பார்கள். அந்த வழியும் உறுதியல்ல: 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கீழே இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்ட்டின் எலும்புகள் கிடைத்தன. தாய்வழி உறவினரோடு அவை பொருந்தின. ஏட்டில் ஆண்வழி உறவினராக எழுதப்பட்டிருந்தவர்களோடு பொருந்தவில்லை. இடையில் எங்கோ தந்தை மாறியிருக்கிறார். எலும்பும் அரண்மனைப் பதிவும் இருந்த வம்சத்துக்கே இந்த நிலை.

சரி, நல்லூர் வழி எங்கோ ஓர் இழையாகத் தப்பியது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது ஒரு வீட்டோடு நின்றிருக்காது. தலைமுறைதோறும் கிளைவிட்டு, இன்று வடக்கில் மிகப் பலருக்கும் அந்த அரசன் ஏதோ ஒரு வழியில் பாட்டனாகத்தான் இருப்பான். சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் சமூகத்தில் அப்படிப் பரவாதே என்று மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு: அகமணம் பரவலைத் தாமதப்படுத்தும். ஆனால் தடுக்காது. சில தலைமுறைக்கு ஒருமுறை எல்லையைக் கடந்து ஒரு குழந்தை பிறந்தாலே போதும். அப்படிப் பிறக்கவில்லை என்று சொல்ல நம் ஏடுகளே இடம் தரவில்லை. நல்லூரின் முந்திய அரசன் முதலாம் சங்கிலியைப் பரராசசேகரனுக்கு மனைவியல்லாத ஒரு பெண்ணிடம் பிறந்தவன் என்றுதான் யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. இன எல்லையும் அப்படித்தான்: சிங்களவரும் இலங்கைத் தமிழரும் மரபணுவில் மிக நெருங்கியவர்கள் என்று 2023இல் வந்த ஆய்வும் காட்டியது. ஆகவே 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சாதியின் பேரில் மறித்து நின்றவர்களுக்கு அரச வழி உண்டென்றால், உள்ளே போக விடாமல் தடுக்கப்பட்டவர்களுக்கும் அது உண்டு. எல்லாருக்கும் உரிய ஒன்றை வைத்து ஒருவர் மற்றவருக்கு மேல் நிற்க முடியாது.

சமயங்கள் இதை மரபணு அறியாத காலத்திலேயே தெளிந்திருந்தன. அருணந்தி சிவாசாரியார் மெய்கண்டாரின் குடும்பத்துக்குக் குலகுரு. ஆயினும் அந்தச் சிறுவரையே குருவாக ஏற்றார். உமாபதி சிவம் மறைஞான சம்பந்தரைப் பணிந்ததால் தில்லைத் தீட்சிதர்களால் விலக்கப்பட்டார் என்பது மரபு. சைவ சித்தாந்தத்தின் குரு சந்தானம் இப்படிக் குலப்படிநிலையைத் தாண்டித்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கோச்செங்கட் சோழர் முற்பிறப்பில் திருவானைக்காவில் இறைவனுக்கு வலைப்பந்தல் இட்ட சிலந்தி என்கிறது பெரியபுராணம். அவரை நாயனார் ஆக்கியது சோழக் குருதி அல்ல, அந்தச் சிலந்தியின் தொண்டு. கொட்டாஞ்சேனையின் கத்தோலிக்கருக்கும் இது புதிதல்ல. மத்தேயு நற்செய்தி ஆபிரகாமில் தொடங்கித் தாவீது வழியாக யோசேப்பிடம் வந்து சேரும் வம்சப் பட்டியலோடு திறக்கிறது. அதே அதிகாரம் இயேசு யோசேப்பின் உடலால் பிறந்தவர் அல்ல என்றும் சொல்கிறது. தாவீதின் மகன் என்ற உரிமை, யோசேப்பு பெயரிட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டதால் வந்தது. சைவத்தில் மூதாதையரை நினைக்கும் கடனுக்கும் ஓர் அளவு உண்டு. ஆடி அமாவாசையில் முகத்துவாரக் கடலில் நீராடித் தர்ப்பணம் செய்பவர் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்கிறார். பதினான்காம் தலைமுறை அரசனைச் சமயம் கேட்கவில்லை. கேட்கும் மூவருக்கும் எள்ளும் நீரும் இறைக்கச் சொல்கிறது. பெருமை பேசச் சொல்லவில்லை.

வேரை இழந்தவர்களின் தேடலைக் குறை சொல்லலாமா என்ற மறுப்பே எல்லாவற்றிலும் கனமானது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தை வீடுகளோடு உறுதிகளும் சாதகக் குறிப்புகளும் படங்களும் எரிந்தன. அப்படி இழந்தவர் தேடுவது இயல்பு, மதிக்கவும் வேண்டும். ஆனால் அவர்கள் இழந்தது அரசனை அல்ல. அம்மம்மாவின் பெயரை, பிறந்த ஊரை, அயலை. அதை உமிழ்நீர் சொல்லாது. வயதானவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவைக்கலாம்.

மரபணு உறுதியாகப் பேசுவது தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில், பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையில். அந்த உறுதி இந்த நாட்டில் மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் பிற ஊர்களிலும் தெருவில் போராடி வருகிறார்கள். விடை கிடைக்காமலே பலர் இறந்தும்விட்டார்கள். இறந்தவரின் பெயர் உறுதியாகாமல் தர்ப்பணத்துக்கும் வழியில்லை, அடக்கத் திருப்பலிக்கும் வழியில்லை. அரச வழி தேடச் செலவிடும் பணமும் செல்வாக்கும் உள்ளவர்களே, அந்தத் தாய்மாரின் மாதிரிகளை அவர்கள் சம்மதத்தோடு எடுத்து, நம்பிக்கையான காவலில் வைத்து, அந்த எலும்புகளோடு ஒப்பிடும்படி அரசிடமும் உலகிடமும் கேளுங்கள். அந்தத் தாய்மார் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.