பாட்டுக்கு உரியவர் யார்?

கரிவலம்வந்தநல்லூருக்கு அருகிலுள்ள சென்னிகுளம், காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரின் ஊர். கழுகுமலைக்குக் காவடி சுமந்து நடப்போர் வழிக்களைப்புத் தீரப் பாடிவந்த மெட்டுகளை அவர் எடுத்தாண்டு, சந்தமும் சொற்சுவையும் பொங்கும் இலக்கியமாக்கினார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். 1891-இல் இளமையிலேயே மறைந்த அப்புலவரின் குரலை நாம் கேட்க வழியில்லை. இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியதே 1902-இல்தான்.

அவருடைய சிந்துகளைக் கேட்கும்போதெல்லாம், கடல் கடந்த இசைத்தட்டு ஒன்று நம் நினைவில் எழுவதுண்டு. 1928 டிசம்பர் 12 அன்று, சிகாகோ நகரில், லூயி ஆம்ஸ்ட்ராங் தம் குழுவினரோடு ‘செயின்ட் ஜேம்ஸ் இன்ஃபர்மரி’ என்ற பாடலைப் பதிவுசெய்தார். மருத்துவமனையில் காதலியின் சடலத்தைக் கண்டு கலங்கும் ஒருவன், அடுத்த கணமே தன் சாவுக்கு எத்தகைய சிறப்புகள் செய்யவேண்டும் என்று பட்டியலிடுகிறான். பாதி ஒப்பாரி, பாதி வீம்பு! நம்மூர்ச் சாவு வீடுகளை அறிந்தவர்க்கு இக்கலவை புதிதன்று. அடித்தொண்டையிலிருந்து எழும் ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலும் ட்ரம்பெட்டும் அத்துயரத்தை உலகெங்கும் கொண்டு சேர்த்தன.

ஆனால் அந்தப் பாடல் அவர் இயற்றியதன்று. பலர் வாயில் பலவாறு திரிந்து வந்தது அது. அதன் வேர்கள் பழைய ஆங்கில, அயர்லாந்து நாட்டுப்பாடல்களில் இருப்பதாகக் கருதுவோரும் உண்டு. கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் 1927-இல் வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்பிலேயே இதன் வடிவம் இடம்பெற்றுவிட்டது. இருந்தும் 1929-இல் ‘ஜோ பிரிம்ரோஸ்’ என்பவர் பெயரில் இதற்கு உரிமை பதிவாயிற்று. அப்படியொரு கவிஞர் இருந்ததேயில்லை. இசைப் பதிப்பாளர் இர்விங் மில்ஸின் புனைபெயர் அது. பிறகு பாடலின் தலைப்பைக் குறித்து நியூயார்க்கில் வழக்குகூட நடந்தது.

பொதுக் கிணற்றில் நீர் மொண்டவரைக் கள்வர் என்போமா? ஆம்ஸ்ட்ராங் மொண்டார், ரெட்டியாரும் மொண்டார். மொண்டதற்கு ஈடாகத் தம் மூச்சையும் உழைப்பையும் தந்தனர். கிணற்றைச் சுற்றி வேலியிட்டு, பொய்ப்பெயரில் பட்டா வாங்கியவரின் செயல் வேறு. இவ்வளவில் தீர்ப்பு எளிதே.

எனினும் நம் மனம் அமைதியுறவில்லை. ரெட்டியார் தம் பாடல்களில் சென்னிகுளத்தின் பெயரைப் பொறித்தார், முருகனைப் பாடினார். மெட்டைத் தந்த காவடிக்காரர்களின் பெயரோ எங்கும் இல்லை. அவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று சொல்வது அநியாயம், அவருக்கே தெரிந்திருக்குமா? நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டுகள் உரிமையளிக்கிறது. ஆசிரியர் இன்னாரென்றே அறியாத மெட்டுக்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது? கடன்பட்டிருக்கிறோம் என்பது திண்ணம். கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. ஆள் இல்லாததால் கடன் தீர்ந்துவிடுமா என்பதே நம்மை உறுத்தும் கேள்வி.

பழைய பாட்டுப் புத்தகங்களில், பக்திப் பாடலாயினும் நாடகப் பாடலாயினும், தலைப்பின் கீழே சிறிய எழுத்தில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று அச்சிடும் வழக்கம் இருந்தது. பாடுவோர் வசதிக்காகவே அப்படிச் செய்தனர். நன்றியுணர்வு என்றெல்லாம் எண்ணியிரார். நாம் இப்போது கையில் வைத்திருக்கும் புத்தகத்தில், இடத்தை மிச்சப்படுத்தவோ என்னவோ, அந்த ஒரு வரியை எடுத்துவிட்டிருக்கிறார்கள்.