பூஜ்யத்தில் கேட்கும் சத்தம்

கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பூண்டியில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சத்தம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி வரும் கடைசி பஸ்ஸும் வந்து நின்றுவிட்டால், வீட்டுப் பரணில் கட்டித் தொங்கும் மலைப்பூண்டின் தாள் காற்றில் உரசுவது கேட்கும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பூண்டு. அடுப்புப் புகை பட்டுப் பட்டுத் தாள் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் முதன்முதலாக அந்த 'ஸ்ஸ்ஸ்' என் காதில் விழுந்தது.

வத்தலக்குண்டில் ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வாரக் கடைசியில் மலை ஏறி அப்பாவிடம் வந்துவிடுவேன். வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் பழைய பயனியர் ஸ்டீரியோ ரிசீவர் ஒன்றை என்னிடம் கொடுத்தார். 1970-களில் செய்தது, வால்வு கிடையாது, முழுக்க டிரான்சிஸ்டர். அதற்கு ஜோடியாக, இடித்துப்போட்ட ஒரு டாக்கீஸிலிருந்து இரண்டு குழாய் ஸ்பீக்கர் கிடைத்தது. மேலே வாயகன்ற இரும்புக் குழாய், கீழே பதினைந்து அங்குல ஸ்பீக்கர் போட்ட மரப்பெட்டி. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒயரை முறுக்கி, கோடை பண்பலை 100.5-ஐப் பிடித்தேன். வால்யூமைத் தொட்டதுதான், பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

குழாயின் இயல்பு அது. திறந்த காற்றில் நேராக அசையும் தகடு, தன் உழைப்பில் பெரும்பகுதியை வீணாக்குகிறது. குறுகிய தொண்டையில் தொடங்கி மெல்ல மெல்ல அகலும் குழாய், அந்தச் சின்னத் தகட்டுக்கும் பெரிய காற்றுவெளிக்கும் நடுவில் நின்று கைகோத்துவிடுகிறது. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் கொடுத்தால், நல்ல குழாய் 105 கொடுக்கும். வித்தியாசம் 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு. அங்கே ஐம்பது வாட் கேட்கும் வேலை இங்கே அரை வாட்டில் முடிந்துவிடும். பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர் 1946-இல் வீட்டு மூலையில் வைக்கிற மாதிரி குழாய் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கியதும் இந்தக் கணக்கை நம்பித்தான்.

ஆனால் பாட்டை நூறு மடங்காக்கும் குழாய் குற்றத்தையும் நூறு மடங்காக்கும். நிலையத்தை நிறுத்திவிட்டு வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். 'ஸ்ஸ்ஸ்' அப்படியே இருந்தது. குமிழைத் திருப்பினாலும் கூடவில்லை, குறையவில்லை. குமிழுக்குப் பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டர்களிலும் ரெசிஸ்டர்களிலும் பிறக்கிற இரைச்சல் அது. பெட்டி ஸ்பீக்கரில் பத்து வருடம் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் மலையில் பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. கோயிலில் படுத்திருந்த அருணகிரிநாதரைக் கொல்ல ஓர் அரக்கன் வந்தானாம். முருகன் குழந்தையாகி அவர்மேல் கிடந்தானாம். தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று அரக்கன் திரும்பிவிட்டானாம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அதே அருணகிரிக்கு முருகன் செய்த உபதேசம், பேச்சற்றுச் சும்மா இருக்கச் சொன்னது. நானும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விளக்கேற்றி, வாயை மூடிக்கொண்டு, அரை மணி நேரம் சும்மா இருப்பதாக இத்தனை வருடம் நம்பியிருந்தேன். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்ததோடு சரி. கடை வாடகை, ஒருவர் பாக்கி வைத்த எண்ணூறு ரூபாய், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை, எல்லாம் குமிழுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன. அதைக் கேட்கக் கூர்மையான குழாய் என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

ஜபத்துக்கு மனு சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. வேள்வியைவிட ஜபம் பத்து மடங்கு மேல்; உதடு மட்டும் அசைந்து பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத உபாம்சு நூறு மடங்கு; மனதுக்குள்ளேயே செய்யும் மானசம் ஆயிரம் மடங்கு. பத்து, நூறு, ஆயிரம். எங்கள் தொழிலில் இதைப் பத்து, இருபது, முப்பது டெசிபல் என்று எழுதுவோம். ஏணி ஒன்றுதான். நாங்கள் சத்தத்தை நோக்கி ஏறுகிறோம், ஜபம் செய்பவர்கள் மௌனத்தை நோக்கி.

மறுநாள் காலையில் அப்பாவிடம் சொன்னேன். நாற்பது வருடம் மைக் செட் போட்டவர். யூக்கலிப்டஸ் மரத்தில் ஏறிக் குழாய் கட்டியவர். பேட்டரி கட்டையைக் குழாயின் யூனிட்டில் தொட்டு, 'டிக்' என்று வரும் ஒரு சத்தத்திலேயே உள்ளே தகடு கிழிந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அதே குழாய்களின் பக்கத்தில் நின்று நின்று இப்போது காது ரொம்பவே மந்தம்.

"சாமிக்குக் கேக்கணும்னா இத்தனை குழாய் கட்டுனீங்க?" என்று சத்தமாகக் கேட்டேன்.

"சாமிக்கு எதுக்குடா குழாய்? கவுஞ்சிக்காரனுக்குக் கட்டுனோம். கொடி ஏறிருச்சு, வாங்கன்னு சொல்ல வேணாமா?"

திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி எட்டெழுத்து மந்திரத்தை ஊருக்கே உரக்கச் சொன்ன ராமானுஜர் நினைவுக்கு வந்தார். அவரும் பெருமாளைக் கூப்பிடவில்லை, கீழே நின்ற ஜனங்களைத்தான் கூப்பிட்டார். மனிதனைக் கூப்பிடும் சத்தம் வேறு, சாமி முன்னால் உட்காரும் மௌனம் வேறு. இரண்டும் ஒரே குழாய் வழியாகப் போகும்போதுதான் குழப்பம் வருகிறது. சென்னையில் ஒரு தேவாலயம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: பிறர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை. அப்பா தீர்ப்பெல்லாம் படித்தவரில்லை. ஆனால் ஒரு திருவிழா ராத்திரியில், எதிர் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும், யாரையும் கேட்காமல் மரமேறிக் குழாயைக் காட்டுப் பக்கம் திருப்பிவிட்டு இறங்கியதை நான் டார்ச் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அந்தத் திருவிழாவில் நான் கண்ட பெரிய வழிபாடு அது.

பிறகு செட்டைத் திறந்தேன். இந்த வகை ஆம்ப்ளிஃபையரில் அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டர் தூக்கும், கீழ்ப்பாதியை இன்னொன்று இழுக்கும். ஒன்று முடித்தபின் மற்றது விழித்தால், பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் அலை துண்டுபடும். உரக்கப் பாடும்போது அது காதில் படாது; வீணை மெல்ல அடங்கும்போது மணல் அரைபடுவதுபோல் கேட்கும். அதற்காகத்தான் வேலை இல்லாத நேரத்திலும் இரண்டையும் கொஞ்சம் விழிப்பில் வைக்கிறோம். அதற்குப் பெயர் பயாஸ். மீட்டரை வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் அந்தக் குட்டித் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். சில மில்லிவோல்ட்தான். அரை மணி கழித்து ஹீட் சிங்கைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு. என் பக்தியும் திருவிழாக் கூட்டத்தில் துண்டுபடுவதே இல்லை. துண்டுபடுவதெல்லாம் யாரும் இல்லாத செவ்வாய்க்கிழமையில்தான்.

உலர்ந்துபோன கண்டன்சர்களை மாற்றினேன். மேல் குழாய் எப்படியும் கீழ் ஸ்பீக்கரைவிட உரக்கத்தான் இருந்தது. அதன் ஒயரில் இரண்டு ரெசிஸ்டரைச் சேர்த்துப் பத்து டெசிபல் குறைத்தேன். பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் அவ்வளவு இறங்கியது. முன்பு சத்தம் மிஞ்சாமல் இருக்கக் குமிழை அடிமட்டத்திலேயே வைக்க வேண்டியிருந்தது; அங்கே இடது பக்கம் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. இப்போது குமிழைக் கொஞ்சம் தாராளமாகத் திருப்ப முடிந்தது. இரண்டு பக்கமும் சமமாகப் பாடின.

ஆனாலும் இரைச்சல் முழுக்கப் போகவில்லை. போகாது. 1928-இல் ஜான்சன் என்பவர் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் என்பவர் காரணம் சொன்னார்: எந்த ரெசிஸ்டரிலும் சூடு இருக்கும்வரை எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டுதான் இருக்கும், அந்த அலைச்சலே இரைச்சல். முன்பு இதைத் தொழில் விஷயமாக மட்டும் படித்திருந்தேன். இப்போது எனக்கு அது பெரிய ஆறுதல். உடம்பில் சூடு இருக்கும்வரை உள்ளே அலைச்சலும் இருக்கும். சும்மா இருப்பது என்றால் அதைக் கொன்றுவிடுவது என்று நினைத்துத்தான் ஒவ்வொரு செவ்வாயும் தோற்றேன். எவ்வளவு மெல்லிய சத்தம் வந்தாலும் கேட்கிற அளவுக்கு அது தணிந்தால் போதும் என்று இப்போது நினைக்கிறேன். பூண்டியும் அப்படித்தான் அமைதியாக இருக்கிறது. பூண்டுத் தாளின் சத்தத்தை யாரும் நிறுத்தவில்லை.

சாயங்காலம் அப்பாவைக் குழாய்க்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பண்பலையில் நாகஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதை நீட்டவில்லை. வலது உள்ளங்கையைக் குழாயின் வாயில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாருக்கு. அணைச்சிரு" என்றார்.

சுவிட்சை அணைத்தேன். பழைய செட்டில் பெரிய கண்டன்சர்கள். மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். விளக்கு மங்கிய பிறகும் நாகஸ்வரம் ஓரிரு விநாடி நூலாய் இழைந்து, அப்புறம் நின்றது.

"நின்னுருச்சா?" என்று கேட்டார்.

"நின்னுருச்சுப்பா."

கையை அவர் எடுக்கவில்லை.